ஒருவர் மனமும் புண்படாமல்

திருத்தணி தாலுகா அலுவலகத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கும் கரும்புச்சாறு வண்டிக்கும் நடுவில் இருக்கும் இணையச் சேவைக் கடையில் வளவன் வேலை பார்த்தான். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் விண்ணப்பம் நிரப்புவான். கடைசியாகச் சொன்னதை நிரப்பும்போது மட்டும் நாற்காலியில் சற்று நிமிர்ந்துகொள்வான். எதிரே நிற்கும் பிள்ளையிடம், "நானும் ஃபர்ஸ்ட் கிராஜுவேட்தான்" என்பான். அந்தப் பிள்ளை, "சரிங்கண்ணா, சர்வர் வந்துச்சா?" என்று கேட்கும்.

வயது இருபத்தேழு. படித்தது இயற்பியல். நைனா கரும்பு வெட்டப் போகிறவர். அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவள். வீட்டில் சாமி படங்கள் மாட்டிய சுவருக்கு நேர் எதிர்ச் சுவரில் அவனுடைய பட்டம் மாட்டியிருந்தது. இரண்டுக்கும் அம்மா வெள்ளிக்கிழமை சந்தனம் வைப்பாள். வைக்காதே என்று அவன் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். "ஏன், இது மட்டும் என்னா பாவம் பண்ணுச்சு?" என்றாள்.

அவனுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. சம்பளம் கிடையாது, மரியாதை உண்டு. ஃபேஸ்புக்கில் 'சமயமும் சமூகமும்: கண்ணியமான உரையாடல்' என்றொரு குழு. நாலாயிரம் பேர். மதம் மனிதர்களுக்குச் செய்யும் தீங்குகளைப் பற்றி, ஆத்திகரும் நாத்திகரும் அமர்ந்து பேசும் இடம் என்று முகப்பில் எழுதியிருக்கும். தொடங்கியவர் அரக்கோணத்தில் வசிக்கும் விஜயராகவன், வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். வங்கியில் கடன் கேட்டு வந்தவர்களிடம் பேசிய அதே குரலில்தான் குழுவிலும் எழுதுவார். பதினான்கு விதிகள் வைத்திருந்தார். மூன்றாம் விதி, பேச்சுத்தமிழில் எழுதக் கூடாது. ஏழாம் விதி, சொந்த ஊர், சொந்த வீடு, உயிரோடு இருப்பவர் எவரையும் குறிப்பிடக் கூடாது. பதினொன்றாம் விதி, ஒருவர் மனமும் புண்படக் கூடாது.

இந்த மூன்று வாசல்களையும் தாண்டி உள்ளே வரும் தீங்கு பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்துதான் வரும். நானூறு ஆண்டுகளுக்கு முன் சூனியக்காரிகள் என்று எரிக்கப்பட்ட பெண்களைப் பற்றி மூன்று வாரம் பேசினார்கள். சிங்கப்பூரிலிருந்து இளம்பரிதி என்பவர் புள்ளிவிவரம் தந்தார். சூர்யபிரகாஷ் என்ற பக்தர், ஒரு சிலர் செய்த பிழைக்கு இறைவன் பொறுப்பல்ல என்று பணிவோடு மறுத்தார். இருவரும் ஒருவரையொருவர் 'அன்பிற்குரிய' என்று விளித்துக்கொண்டார்கள். எரிந்த பெண்கள் எவரும் வந்து விதிமீறல் புகார் தரவில்லை. நல்ல விவாதம் என்று எல்லோரும் சொன்னார்கள்.

வளவன் அந்தக் குழுவின் மட்டுறுத்துநர். பதிவுகளை அனுமதிப்பது, கருத்துகளை நீக்குவது, எழுதத் தெரியாதவர்களின் பதிவைத் திருத்திக் கொடுப்பது எல்லாம் அவன் கையில். இஸ்திரிப் பெட்டி வைத்ததுபோல் வேலை செய்வான். 'அயோக்கியத்தனம்' என்று வந்தால் 'ஏற்புடையதல்லாத செயல்' ஆகும். 'கொன்னுட்டாங்க' என்று வந்தால் 'உயிரிழப்பு நேர்ந்தது' ஆகும். அவன் கைப்பட்டு வெளியே வரும் தீங்கில் ஒரு சுருக்கம் இருக்காது. யார் செய்தார்கள் என்பதும் இருக்காது.

இதில் அவனுக்கு என்ன சுகம் என்று கேட்கலாம். அந்தக் குழுவில் அவனைத் 'தோழர் வளவன் அவர்கள்' என்று அழைத்தார்கள். அவன் வீட்டில் மூன்று தலைமுறையில் யார் பெயருக்குப் பின்னாலும் 'அவர்கள்' வந்ததில்லை. நைனாவை ஆண்டை வீட்டுப் பேரப்பிள்ளைகூட 'இன்னாடா' என்றுதான் இன்றைக்கும் கூப்பிடுகிறான். எந்தத் தெருவிலிருந்து வருகிறாய் என்று கேட்காத ஓர் இடம் கிடைத்துவிட்டால், அந்த இடத்தின் வாசற்படியைத் துடைத்துக்கொண்டே காலம் தள்ளிவிடலாம். வளவன் துடைத்துக்கொண்டிருந்தான்.

குழுவில் மரியாதை தெரியாதவர் ஒருவர் இருந்தார். ஹயாத் பாஷா. சித்தூர் சாலையில் இருசக்கர வாகனம் பழுதுபார்க்கும் ஷெட் வைத்திருப்பவர். தங்கை ஷபீனாவைப் பத்தாம் வகுப்போடு நிறுத்தி வீட்டில் உட்காரவைத்ததை, அதற்கு யார் யார் என்ன காரணம் சொன்னார்கள் என்பதை, ஒருநாள் பெயரோடு எழுதினார். ஏழாம் விதி அன்று தூங்கிவிட்டது. அறுநூறு விருப்பக்குறிகள். 'துணிச்சலான குரல்' என்றார் இளம்பரிதி. 'சிந்திக்க வைத்தீர்கள் பாய்' என்றார் சூர்யபிரகாஷ்.

அடுத்த வாரம் பாஷா எழுதினார்: "எங்கூட்டு அழுக்க நான் எட்து நடுத்தெருவுல போட்டேன். எல்லாரும் கை தட்னீங்க. இப்ப உங்கூட்டு அழுக்க யாராச்சும் எடுங்க பாப்போம். ஒர்த்தனும் காணோம்."

ஏழாம் விதி விழித்துக்கொண்டது. மூன்றாம் விதியும் துணைக்கு வந்தது. முதல் எச்சரிக்கையை வளவன்தான் தட்டச்சு செய்து அனுப்பினான், கண்ணியமாக.

வைகாசி மாதத்தில் வளவன் தன் பெயரிலேயே ஒரு பதிவு எழுதினான். எழுதி முடித்துத் தானே இரண்டு முறை படித்துச் சிரித்துக்கொண்டான். "மருந்துக் கேப்சூல்களின் உறை பெரும்பாலும் மாட்டின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கப்படும் ஜெலட்டினால் ஆனது. விரதமிருக்கும் நண்பர்கள் காலையில் அதை விழுங்கிவிட்டுத்தான், பேக்கரியில் முட்டை பஃப்ஸைக் கண்டு முகம் சுளிக்கிறார்கள். அன்பர்கள் சிந்திக்கலாம்." எவர் பெயரும் இல்லை. எந்த ஊரும் இல்லை. விஜயராகவன் அதை 'நயத்தக்க நையாண்டி' என்று பாராட்டினார். பெயரை வெட்டிவிட்டு வாசகத்தை மட்டும் படம் பிடித்துப் பலரும் வாட்ஸ்அப்பில் பகிர்ந்தார்கள். வளவன் ஒரு வாரம் மிதந்தான்.

அன்பர்கள் சிந்தித்தார்கள்.

வளவனின் அக்கா அனிதாவைப் பொதட்டூர்பேட்டையில் கொடுத்திருந்தது. அவள் கணவர் கங்காதரன், வளவனுக்குப் பாவா, தன் அண்ணன் கிருஷ்ணனின் விசைத்தறிக் கூடத்தில் லுங்கி நெய்கிறவர். கிருஷ்ணன் ஆண்டுதோறும் ஆடிக் கிருத்திகைக்கு நாற்பது பேர் கொண்ட காவடிக் குழுவை மலைக்கு அழைத்துவரும் குருசாமி. அனிதாவின் மகள் தணிகாவுக்கு எட்டு வயது. ஐந்து வயதில் வலிப்பு வந்தது. அரசு மருத்துவமனையில் கேப்சூல் கொடுத்தார்கள், காலை ஒன்று, இரவு ஒன்று. இரண்டு வருடம் எட்டு மாதமாக ஒருமுறைகூட வரவில்லை. மூன்று வருடம் முழுதாகத் தாண்டட்டும், மெல்ல மெல்ல மருந்தைக் குறைக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இன்னும் நான்கு மாதம். அனிதா நாட்காட்டியில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு வந்தாள்.

வலிப்பு நின்றதற்கு நேர்த்திக்கடன்: பிள்ளை இந்த ஆடியில் சின்னப் பூக்காவடி எடுக்க வேண்டும். இருபத்தொரு நாள் விரதம். மாலை போட்ட மூன்றாம் நாள் அனிதா போன் செய்தாள்.

"டேய், பெரிய பாவா கேப்சூல் குடுக்கக் கூடாதுன்றாரு. அது மாட்டு எலும்புல செஞ்சதாம். மாலை போட்டுகினு எலும்பத் துன்னா காவடி தீட்டாப் பூடுமாம்."

"யாரு சொன்னது அவருக்கு?"

"போன்ல வந்துச்சாம். யாரோ படிச்சவன் எழுதிகிறான். கடைசில அன்பர்கள் சிந்திக்கலாம்னு போட்டுகீறான். அதையே சொல்லிச் சொல்லிக் காட்றாரு."

வளவன் கடையின் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"கேக்குதா? நான் உறையப் பிரிச்சு, தூளப் பால்ல கலந்து குடுத்துப் பாத்தேன். கசக்குதுன்னு துப்பிட்டு, நேரா பெரிப்பாகிட்ட போய்ச் சொல்லிட்டா இவ. சாமி கோச்சுக்குமாம். நீ வந்து பாவாகிட்ட ஒரு வார்த்த பேசு. நீ சொன்னா கேப்பாரு. இந்தக் குடும்பத்துல நீ ஒர்த்தன்தான் படிச்சுகிற."

"பேசறேன்க்கா."

பேசவில்லை. போய்ப் பேசினால், 'அதை எழுதியவன் நான்தான்' என்று சொல்ல வேண்டி வரும். பெண் கொடுத்த வீட்டில் நாத்திகன் என்று பெயரெடுத்தால் அக்காவுக்குச் சங்கடம் என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டான். அக்காவே கூப்பிட்டு அழுத பிறகும் அவளுடைய சங்கடத்தை அவளைவிட நன்றாக அவன் அறிந்திருந்தான்.

அதற்குப் பதிலாகக் குழுவில் பெயர் மறைத்து ஒரு பதிவு போட்டான். முதலில் உள்ளதை உள்ளபடிதான் எழுதினான். பிறகு மட்டுறுத்துநர் வளவன் அதைத் திருத்தினார். 'என் அக்கா மகள்' என்பது 'ஒரு சிறுமி' ஆனது. 'பொதட்டூர்பேட்டை' என்பது 'ஒரு சிற்றூர்' ஆனது. 'வலிப்பு மருந்தை நிறுத்திவிட்டார்கள்' என்பது 'கேப்சூல் உறையின் காரணமாக, வலிப்பு நோய்க்கான மருத்துவம் குறித்துச் சில முடிவுகள் எடுக்கப்பட்டுள்ளன' ஆனது. 'என்ன செய்வது?' என்று முடித்திருந்தான். அது பதற்றமாகத் தோன்றியதால், 'உறுப்பினர்களின் மேலான கருத்துகள் வரவேற்கப்படுகின்றன' என்று மாற்றினான். விதிகளில் ஒன்றும் மீறப்படவில்லை. ஒப்புதல் அளித்தான்.

கருத்துகள் வந்தன. 'தீங்கு' என்ற சொல் இங்கே பொருந்துமா, 'விளைவு' என்பது நடுநிலையாக இருக்காதா என்று ஒருவர் தொடங்கினார். விரதத்தின் அறிவியல் பயன்களை சூர்யபிரகாஷ் பதினோரு பத்திகளில் விளக்கினார். இடைக்கால ஐரோப்பாவில் வலிப்பு நோயாளிகள் எப்படி நடத்தப்பட்டார்கள் என்று இளம்பரிதி ஒப்பிட்டுக் காட்டினார். ஆதாரம் கேட்டார் ஒருவர். 'மருத்துவரை அணுகவும்' என்று நாலு பேர் எழுதினார்கள். அந்த நாலு பேருக்கும் அதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் வளவன் நன்றி சொன்னான்.

விரதத்தின் ஆறாம் நாள் விஜயராகவனிடமிருந்து செய்தி வந்தது. "தோழர், சிறுமி பற்றிய பதிவில் ஹயாத் பாஷா அவர்களின் கருத்தைக் காணவும். மூன்றாம், பதினொன்றாம் விதிகள். இது அவருக்கு மூன்றாவது முறை."

வளவன் போய்ப் பார்த்தான். "அறிவுகெட்டவனே, புள்ள மருந்த நிறுத்திட்டு இங்க வந்து மேலான கருத்து கேக்கறியா? உனக்கு வெக்கமா இல்ல? அந்தப் புள்ளைக்கு எதனா ஆச்சுன்னா" என்று இரண்டு வரி தெரிந்தது. அதன்கீழே 'மேலும் படிக்க' என்று இருந்தது. மேலும் படிக்கும் மனநிலையில் அவன் இல்லை. முகம் சுட்டது. மூன்று ஆண்டுகளாக எத்தனையோ பேரின் கருத்துகளை நீக்கியிருக்கிறான். இதையும் நீக்கினான். ஆளையும் குழுவிலிருந்து வெளியேற்றினான். 'நன்றி தோழர்' என்றார் விஜயராகவன்.

பன்னிரண்டாம் நாள் சனிக்கிழமை. காவடிக்கு மஞ்சள் துணியும் மணியும் வாங்க அனிதாவும் கங்காதரனும் பிள்ளையோடு திருத்தணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். இன்று நேரிலேயே பேசிவிடுவது என்று வளவன் முடிவு செய்திருந்தான். பேருந்து நிலையத்தில் நின்றபடி, எப்படித் தொடங்குவது என்று மனத்துக்குள் எழுதிப் பார்த்தான். 'பாவா, தவறாக எண்ண வேண்டாம்' என்று தொடங்கியது. நடுவில் போன் அதிர்ந்தது. இளம்பரிதி ஒரு துணைக்கேள்வி கேட்டிருந்தார். நாலு வரிப் பதில் அடித்துக்கொண்டிருக்கும்போதே பொதட்டூர்பேட்டை பஸ் உள்ளே வந்தது.

வண்டி நிற்கும் முன்பே நடத்துநர் கத்தினார். "வழி வுடுங்க, வழி வுடுங்க. சாவி எதனா இருந்தா குடுங்கய்யா."

"சாவிலாம் வாணாம், ஒருக்களிச்சுப் படுக்க வையி," என்று ஒரு பெண் உள்ளிருந்து அதட்டினாள்.

கங்காதரன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். மஞ்சள் பாவாடை நனைந்திருந்தது. வாயோரத்தில் ரத்தமும் நுரையும். கழுத்துமாலை ஒரு பக்கமாகச் சுற்றிக்கிடந்தது. வளவனுக்குப் பின்னால் யாரோ ஆட்டோவைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டது அவன் அல்ல.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட பிறகு தணிகா கண் திறந்தாள். நாக்கைக் கடித்திருந்ததால் பேச்சு குழறியது. "காவடி எடுக்கலாமா மாமா?" என்றுதான் முதலில் கேட்டாள். பணியில் இருந்த பெண் டாக்டர் சீட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"எத்தன நாளா மருந்து குடுக்கல?"

"ஒம்போது நாளுங்க," என்றாள் அனிதா.

"ஏன்?"

கங்காதரன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கேப்சூல் எலும்புல செஞ்சதுன்னு சொன்னாங்க மேடம். மாலை போட்டுகீதுங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "கேப்சூல் வேணாம்னா சிரப்பா குடுத்திருப்பேனே. அதே மருந்து சிரப்பாவும் வருதும்மா. மாலையோட வாங்க, மாலையில்லாம வாங்க, எனக்கென்ன? வந்து கேட்டா போதும். இப்ப அந்த மூணு வருஷக் கணக்கு முதல்லேர்ந்து."

அனிதா பையிலிருந்த சின்ன நாட்காட்டியை எடுத்தாள். பார்த்தாள். திரும்ப உள்ளே வைத்தாள்.

வெளியே வேப்பமரத்தடியில் கங்காதரன் பீடியை எடுத்துப் பற்றவைக்காமல் உருட்டிக்கொண்டிருந்தார்.

"பாவா," என்றான் வளவன்.

"எனக்குப் புட்ச்சா நிறுத்துனேன்? பயமாத்தான் இருந்துச்சு. அண்ணங்கிட்ட நான் எப்டி எதிர்த்துப் பேசறது, தறி அவுருது. நீ வருவ, ரெண்டு வார்த்த இங்கிலீஷ்ல சொல்லுவ, 'மச்சானே சொல்றான், படிச்சவன்'னு அத நான் அவருகிட்ட சொல்லிக்கலாம்னு பாத்துகினே இருந்தேன். தெனம் கேப்பேன் இவள, உன் தம்பி பேசறேன்னானான்னு. பேசறேன்னான், பேசறேன்னான்னுவா."

"அத எழுதுனது நான்தான் பாவா. எலும்புன்னு."

கங்காதரன் "நீயா?" என்றார். பிறகு, "எதுக்கு?" என்றார்.

சிரிப்பதற்குத்தான் எழுதியது. ஹயாத் பாஷாவின் இரண்டு வரி ஏனோ நினைவுக்கு வந்தது. தள்ளிப் போய் நின்று போனை எடுத்தான். நீக்கிய கருத்துகள் மட்டுறுத்துநரின் பதிவேட்டில் கிடக்கும். தேடி எடுத்து, இந்த முறை 'மேலும் படிக்க' என்பதை அழுத்தினான்.

"அந்தப் புள்ளைக்கு எதனா ஆச்சுன்னா இந்த குரூப்ல இருக்கறவனா வந்து தூக்குவான்? என் தம்பி அல்தாஃப் புள்ளைக்கும் இதே சீக்குதான். நாங்களும் இன்னா மாடோ இன்னா பன்னியோன்னு கேப்சூல் உறைக்குக் கொழம்பினோம். டாக்டரம்மாகிட்ட கேட்டோம், அதே மருந்த சிரப்பா எழ்திக் குடுத்துட்டாங்க. நாளைக்கே போ. லேட் பண்ணாத. எங்க கெடைக்கும்னு தெர்லனா எனக்குப் போன் போடு." கீழே எண் கொடுத்திருந்தார்.

நூற்றுப்பன்னிரண்டு கருத்துகளில் உருப்படியானது ஒன்றுதான். அதை எடுத்து எறிந்த கை அவனுடையது. ஆறு நாள் முந்தி.

அன்று சாயங்காலமே கிருஷ்ணன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். சிரப் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். வளவன் அவருக்கு எதிரில் போய் நின்றான். கண்ணியமாக ஒன்றும் சொல்லவில்லை.

"பெரிய பாவா, இத ஒரு வேள நிறுத்துனீங்கன்னா நான் போலீசுக்குப் போவேன். எலும்புக் கதய எழுதுன நாயும் நான்தான். என்னை அடிக்கணும்னா அடிங்க. மருந்து நிக்கக் கூடாது."

கிருஷ்ணன் புட்டியை அவன் கையில் கொடுத்தார். "ஆங், இது தண்ணிதானப்பா. இதுல எலும்பு எங்க கீது? குடு குடு. இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்றார். அத்தோடு முடிந்தது. ஒன்பது நாள் அவன் அஞ்சி நடுங்கிய எதிர்ப்பு அவ்வளவுதான்.

திங்கட்கிழமை சித்தூர் சாலை ஷெட்டுக்குப் போனான். ஹயாத் பாஷா கார்புரேட்டரை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தார்.

"நான் வளவன். அந்த குரூப் அட்மின்."

"ஓ. சாருதானா?" பாஷா தலை நிமிரவில்லை. "இன்னா சார், ஷெட்லேர்ந்தும் தூக்க வந்துகிறியா?"

"அந்தப் பொண்ணு என் அக்கா பொண்ணுங்க, பாய்."

பாஷாவின் கை நின்றது. "எப்டி கீது?"

"மறுபடி வலிப்பு வந்துடுச்சு. இப்ப சிரப் குடுக்கறோம். உங்க கமெண்ட்ட நான் முழுசா படிக்காம..." என்று இழுத்தான். "மன்னிச்சுடுங்க."

"எனக்கு எதுக்கு? என்னை நீக்குன அன்னிக்கு நிம்மதியா தூங்குனேன். நோட்டிபிகேஷன் தொல்ல வுட்டுச்சு." மறுபடி கழுவத் தொடங்கினார். "சிரப்ப நல்லா குலுக்கிட்டு ஊத்தச் சொல்லு. அடில தங்கிடும். அது உன் குரூப்ல எழ்த மாட்டானுங்க."

அதற்குள் விஜயராகவன் அந்தப் பதிவைக் குழுவின் உச்சியில் நிறுத்தி வைத்திருந்தார். "நூற்றுப்பன்னிரண்டு கருத்துகள். ஒருவர் மனமும் புண்படவில்லை. மதத்தின் தீங்குகளை எப்படிப் பேச வேண்டும் என்பதற்கு இதுவே முன்மாதிரி."

நாக்கைக் கடித்துக்கொண்ட பிள்ளையின் பெயர், ஊர், தன் பெயர், கேப்சூல் பதிவு, நீக்கிய கருத்து எல்லாவற்றையும் வளவன் அதன்கீழே எழுதினான். ஒரு சொல்லையும் இஸ்திரி போடவில்லை. ஆறு நிமிடம் இருந்தது. ஏழாம் விதியின்படி நீக்கப்பட்டது. 'தங்கள் உணர்வைப் புரிந்துகொள்கிறோம்' என்று தனிச்செய்தி வந்தது.

ஆடிக் கிருத்திகை அன்று மலைப்படியில் கூட்டம் நெரிந்தது. டாக்டர் சரி என்றதால் தணிகா இருபது படிக்கு ஒருமுறை உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள். தோளில் முழ நீளப் பூக்காவடி. அனிதா முன்னால், கங்காதரன் பக்கத்தில். பின்னால் வளவன். சட்டைப்பையில் சிரப் புட்டி, கையில் தண்ணீர். நெற்றியில் யாரோ அப்பிய திருநீறு. துடைக்க அவனுக்குக் கை ஒழியவில்லை.

படியில் எதிரே வந்த சூர்யபிரகாஷ் அவனை அடையாளம் கண்டு வணங்கினார், ஒரு படமும் எடுத்துக்கொண்டார். பாதி மலை ஏறுவதற்குள் படம் குழுவில் வந்துவிட்டது. 'நம் மட்டுறுத்துநர் திருநீற்றுடன்: இதை எவ்வாறு புரிந்துகொள்வது? கண்ணியமாக உரையாடுவோம்.' இது இரட்டை வேடமா, பண்பாட்டுத் தொடர்ச்சியா என்று இளம்பரிதி கேட்டார். அறுபது கருத்துகள். போன் பையில் அதிர்ந்துகொண்டே இருந்தது, புட்டியோடு உரசி.

மணி எட்டு ஆனதும் தணிகாவை ஒரு படியில் ஓரமாக உட்கார வைத்தான். புட்டியைக் குலுக்கினான். இன்னும் ஒருமுறை குலுக்கினான். அளவு மூடியைக் கண்ணுக்கு நேரே பிடித்துக் கோடு வரை ஊற்றினான்.

"போன் அட்ச்சுகினே கீது மாமா. யாரு?"

"யாருமில்ல. வாயத் தொற."